பிளாஸ்டிக் ஆறும் நேரம்: பைக் கிட்டை எடைபோடுவது எப்படி?

"ஒரே பைக்குக்கு 1/12 அளவில் இரண்டு கிட் (ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாதிரி) கிடைக்கிறது. ஒன்றின் விலை மற்றதைப்போல மூன்று மடங்கு. திறந்து பார்த்தால் இரண்டிலும் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள்தான். எதை வைத்துத் தரம் சொல்கிறீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பெட்டி மேல் இருக்கும் படத்தை நம்பக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாகங்களின் எண்ணிக்கையையும் நம்பாதீர்கள் என்பேன். முந்நூறு பாகம் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள்; அதில் பாதி, ஒரே துண்டாக வந்திருக்க வேண்டியதை இரண்டாக வெட்டிக் கொடுத்ததாக இருக்கும். நான் பார்ப்பது வேறு. அச்சுக்குள் அந்த பிளாஸ்டிக் எப்படி ஆறியிருக்கிறது என்பதை.

செய்முறை பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்திருக்கும். பாலிஸ்டைரீன் மணிகளை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, இரண்டு பாதியாக இருக்கும் எஃகு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். உறைந்ததும் அச்சு திறக்கும், எஜெக்டர் பின்கள் பாகத்தைத் தள்ளிவிடும், அடுத்த சுற்று. வாளியிலிருந்து வீட்டு சுவிட்ச் வரை இதே கதைதான்.

இனிமேல்தான் சுவாரசியம். உருகிய பாலிஸ்டைரீன் அறை வெப்பநிலைக்கு வரும்போது, அழுத்தம் ஏதும் கொடுக்காமல் விட்டால், அதன் கன அளவு கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்தப் பற்றாக்குறையை எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டும். அச்சின் சுவர் ஏறத்தாழ 50 டிகிரியில் இருப்பதால் அதைத் தொடும் பிளாஸ்டிக் உடனே உறைந்து தோலாகிவிடுகிறது. உள்ளே இன்னும் குழம்பு. அது மெதுவாக ஆறிச் சுருங்கும்போது, வெளித்தோலை உள்ளே இழுக்கிறது. கிண்ணத்தில் ஊற்றி வைத்த நெய் உறையும்போது நடுவில் ஒரு குழி விழுமே, அதே இயற்பியல். மோல்டிங் பட்டறைகளில் இதற்கு சிங்க் மார்க் என்று பெயர். தோல் விறைப்பாக இருந்து வளைய மறுத்தால் குழி விழாது. பதிலுக்கு உள்ளே வெற்றிடம் உருவாகும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தகடு போன்ற ஒரு பாகம் ஆற எடுக்கும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப மாறும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது. வெப்பம் பிளாஸ்டிக்குக்குள் அவ்வளவு சோம்பலாக நகர்கிறது. ஆக, ஒரே பாகத்தில் மெல்லிய பகுதியும் தடித்த பகுதியும் இருந்தால், ஒன்று கல்லாகிவிட்ட பிறகும் மற்றது குழம்பாகவே இருக்கும். குழி விழுவது அங்கேதான்.

குழியைத் தடுக்க ஒரு வழி உண்டு. அச்சு நிறைந்த பிறகும் அழுத்தத்தை விடாமல் வைத்திருந்து, சுருங்கச் சுருங்கக் கூடுதல் பிளாஸ்டிக்கை உள்ளே திணிப்பது. ஆனால் அது நுழைவது கேட் என்ற குறுகிய வாய் வழியாக. சட்டத்திலிருந்து பாகத்தை நாம் நிப்பரால் வெட்டி எடுக்கிறோமே, அந்த இடம்தான் கேட். குறுகலாக இருப்பதால் அது சீக்கிரம் உறைந்துவிடும். உறைந்த நொடியிலிருந்து பாகம் தன் கையிருப்பை வைத்தே சமாளிக்க வேண்டும். கேட்டைப் பெரிதாக, தடித்த பகுதிக்கு அருகிலேயே வைத்தால் குழி குறையும். ஆனால் வெட்டிய வடு பெரிதாக, கண்ணில் படும் இடத்தில் வரும். சிறிதாக, ஒளிவான இடத்தில் வைத்தால் வடு தெரியாது. குழிக்கு வாய்ப்பு அதிகம். இந்தப் பேரத்தை வடிவமைப்பாளர் எப்படி முடித்திருக்கிறார் என்பது ஸ்ப்ரூவிலேயே, அதாவது பாகங்கள் ஒட்டியிருக்கும் அந்தச் சட்டத்திலேயே, எழுதியிருக்கிறது. எனக்கு இதைப் படிப்பது பைக்கை ஒட்டுவதைவிடப் பிடிக்கும்.

காரிலும் டாங்கியிலும் இத்தனை சிக்கல் இல்லை, பாதியை உடற்பகுதி மூடிவிடும். பைக்கில் எஞ்சின், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், சைலன்சர் எல்லாமே வெளியில். நிஜத்தில் 43 மில்லிமீட்டர் இருக்கும் ஃபோர்க் குழாய் 1/12 அளவில் சுமார் 3.6 மில்லிமீட்டர். தண்டு எல்லாப் பக்கமும் ஆறும் என்பதால் மேலே சொன்ன கணக்கு கொஞ்சம் தளரும், ஆனாலும் பக்கத்து மெல்லிய பாகங்களைவிடச் சில மடங்கு நேரம் பிடிக்கும். ஒரே துண்டாக வார்த்தால் குழி. இரண்டு பாதியாக வார்த்தால், கண்ணாடி போல மின்ன வேண்டிய குழாயில் நெடுக ஒட்டுக் கோடு. சில கிட்களில் இந்த இடத்துக்கு உலோகக் குழாயே கொடுத்துவிடுகிறார்கள். விலை ஏறுவதற்கு அது நியாயமான காரணம்.

சரி, கடையில் என்ன செய்வது? பெட்டியைத் திறக்க விட்டால், பெட்ரோல் டேங்க்கையும் ஃபேரிங்கையும் (பைக்கின் வெளி உறை) டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். விளக்கின் பிம்பம் கோணாமல் ஓடினால் நல்லது. நடுவில் நெளிந்தால் அங்கே குழி இருக்கிறது. அதைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த இடத்துக்கு நேர் பின்னால் ஒரு தடித்த முளையோ, வலுவுக்காக வைத்த விலா எலும்பு போன்ற வரம்போ இருக்கும். முளை தடித்திருந்தால் தேய்ப்புக்குத் தயாராகிக்கொள்ளுங்கள். பளபளப்பு பெயின்ட் இந்தக் குழியை மறைக்காது, விளம்பரப்படுத்தும்.

அடுத்து டேங்க் எங்கே பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பேன். நட்ட நடு முதுகில் ஒட்டு வந்தால் உப்புத்தாளும் புட்டியுமாக ஒரு மாலை போய்விடும். நிஜ டேங்க்கின் வெல்டிங் விளிம்பிலோ சீட்டுக்கு அடியிலோ ஒட்டு வரும்படி பிரித்திருந்தால், வரைந்தவர் நிஜ பைக்கை உற்றுப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். எஜெக்டர் பின் பதிந்த வட்டத் தடங்களும் அப்படித்தான், உள்பக்கம் இருந்தால் பாதகமில்லை.

குரோம் பாகங்கள் தனி வம்பு. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைப்பார்கள்; அந்தப் படலம் பொதுவாக 0.1 மைக்ரான்கூட இருக்காது. அவ்வளவு மெல்லியது எதை மறைக்கும்? அச்சின் இரு பாதிகள் சந்தித்த கோடு அப்படியே மின்னும். தேய்த்தால் குரோம் போய்விடும். அதனால் குரோம் சைலன்சரில் அந்தக் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது, கேட் எங்கே வெட்டுப்படும் என்பதை முதலில் பாருங்கள்.

தடிமனுக்கு எதிர்முனையிலும் இதே தொல்லை. நிஜ ஸ்போக்ஸ் கம்பி சுமார் 4 மில்லிமீட்டர். 1/12 அளவில் அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு குறுகிய வழியில் பிளாஸ்டிக் போய்ச் சேர்வதற்குள் உறைந்துவிடும். அதனால் அச்சில் வார்த்த ஸ்போக்ஸ் எல்லாமே தேவைக்கு மேல் பருமன். ஃபேரிங்கும் அப்படியே: 1 மில்லிமீட்டர் தகடு நிஜத்தில் 12 மில்லிமீட்டர் என்று ஆகும். நல்ல கிட்களில் விளிம்பை மட்டும் சீவிவிட்டிருப்பார்கள், கண் ஏமாந்துவிடும். ஒரு பெட்டியில் விளிம்பு சீவியிருந்தால் நான் பாதி முடிவை அங்கேயே எடுத்துவிடுவேன்.

நாட்டை வைத்துத் தரம் சொல்வது ஒரு மூடநம்பிக்கை. கிட் தயாரிக்கும் டாமியா, ஹசேகாவா, அவோஷிமா, ஃபுஜிமி எல்லாமே ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்துக்காரர்கள்தான். அங்கே இந்தத் தொழில் ஆழமாக வேரூன்றியது உண்மை. அதற்காகச் சீனத் தயாரிப்பு என்றாலே மட்டம் என்பவர்கள், மெங் நிறுவனத்தின் 1/9 கவாசாகி நிஞ்சா ஹெச்2ஆர் ஸ்ப்ரூவை ஒரு முறை கையில் எடுத்துப் பார்க்கட்டும். இன்னொரு பக்கம், இத்தாலியின் புரோடார் நிறுவனத்தைத் தொடங்கியவர் டார்குவினியோ ப்ரோவினி. 1957, 1958 ஆண்டுகளின் பைக் பந்தய உலக சாம்பியன், 1966இல் மேன் தீவுப் பந்தயத்தில் பட்ட காயத்தோடு பந்தயத்தை விட்டவர். பைக்கை அவரைவிட அறிந்தவர் யார்? ஆனாலும் அந்தப் பழைய 1/9 கிட்களின் பொருத்தம் கொஞ்சம் முரட்டுத்தனமானது என்பதுதான் பொதுக் கருத்து. பைக் தெரிந்தால் மட்டும் போதாது, எஃகும் தெரிய வேண்டும்.

அந்த எஃகு அறிவைத்தான் நாம் அறிவியலாக மதிப்பதில்லை. சென்னையில் 1968 முதல் சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம் இயங்குகிறது. அச்சு வடிவமைப்பு அங்கே பாடம். ஆராய்ச்சி நிதி என்ற பேச்சு வந்தால் ராக்கெட்டைத் தாண்டி நம் வாய் நகராது. அச்சுக்குள் வெப்பம் எப்படி ஓடுகிறது என்பதற்கும் கொஞ்சம் காசு ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

பழைய ஸ்டாக் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. டயர் மென்மையான பிவிசியில் செய்ததாக இருந்து, மற்ற பாகங்களோடு ஒரே பையில் கிடந்திருந்தால், தொட்டுக்கொண்டிருந்த இடங்களைப் பாருங்கள். பிவிசியை இளக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். ரிம்மில் டயரின் தடம் உருகிப் பதிந்திருக்கும். புதிதாக வாங்கினாலும், டயரைத் தனிப் பையில் போட்டுவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.