மேயருக்கு மெயில் போட்டா வேலை நடக்காது: பே ஏரியால உங்க சிட்டியை நிஜமா நடத்தறது யாரு?

கலிபோர்னியா பே ஏரியால எங்க தெருல ஒரு அக்கா இருக்காங்க. அவங்க மாமியார் ஊர்லேர்ந்து விசிட்டர் விசால வந்திருந்தாங்க, காலைல வாக்கிங் போகும்போது மரத்து வேர் தூக்கிவிட்டிருந்த சைடுவாக்ல கால் இடறி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. விசிட்டர் இன்சூரன்ஸ் பாதி பில்லுக்கு கைய விரிச்சிடுச்சு. அக்கா நம்ம எல்லாரும் பண்றதைத்தான் பண்ணாங்க, போட்டோ எடுத்து மேயருக்கு மெயில் போட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு நன்றி சொல்லி ஒரு பதில். அப்புறம் கவுன்சில் மெம்பர் ஆபீஸ், அவங்க பப்ளிக் ஒர்க்ஸுக்கு அனுப்பிட்டோம்னாங்க, பப்ளிக் ஒர்க்ஸ் ஆப்ல டிக்கெட் (புகார்) போடுங்கன்னாங்க, டிக்கெட் போட்டா ரெண்டு வாரத்துல "க்ளோஸ்டு"ன்னு வருது, சைடுவாக் மட்டும் அப்படியே இருக்கு. இப்படியே எட்டு மாசம். அதுக்கப்புறம்தான் யாரோ சொல்லி, சிட்டிகிட்ட நஷ்டஈடு கேக்க கிளெய்ம் ஃபார்ம்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது. போட்டாங்க. ஒரே பக்கத்துக்கு ஒரு லெட்டர் வந்துச்சு, ஆறு மாசம் தாண்டிடுச்சு, லேட்டுன்னு. அந்த எட்டு மாச மெயில் ஒண்ணுகூட கணக்குல வரல.

அந்த லெட்டரை என்கிட்ட கொண்டுவந்து காட்டினப்போ வந்த கோவத்துலதான் இதை எழுதறேன்.

சிட்டியை நிஜமா நடத்தறது மேயர் இல்ல, சம்பளத்துக்கு வெச்ச சிட்டி மேனேஜர். இதோட வரலாறு சுருக்கமா: 1908ல வர்ஜீனியால ஸ்டான்டன்ங்கற சின்ன ஊர் சம்பளத்துக்கு ஒரு மேனேஜர வெச்சு ஊரை நடத்தி பாத்துச்சு, 1913ல ஒஹாயோல டேட்டன்ல பெரிய வெள்ளம் வந்தப்புறம் அந்த ஊரும் இதுக்கு மாறுச்சு, அங்கேர்ந்து நாடு முழுக்க பரவிடுச்சு. சான் ஹோசேல 1916லேர்ந்து இதுதான். சன்னிவேல், ஃப்ரீமாண்ட், கூப்பர்டினோ, மில்பிடாஸ், சாண்டா கிளாரா, நம்மாளுங்க இருக்கற சிட்டி எல்லாமே இதே கதை. சான் ஃபிரான்சிஸ்கோ வேற மாதிரி, அத பாத்து குழம்பிடாதீங்க.

விஷயம் இவ்ளோதான். நீங்க ஓட்டு போட்டு எடுக்கறது கவுன்சில். கவுன்சில் ஒரு சிட்டி மேனேஜர வேலைக்கு வெக்கும், பிடிக்கலன்னா தூக்கும். ரோடு, பார்க், பர்மிட், கோட் என்ஃபோர்ஸ்மென்ட்னு அத்தனை டிபார்ட்மென்ட்டும் மேனேஜருக்குத்தான் ரிப்போர்ட் பண்ணும். நம்மூர் கார்ப்பரேஷன் கமிஷனர் மாதிரின்னு தோணும், ஆனா கமிஷனர ஸ்டேட் கவர்ன்மென்ட் அனுப்பும், இங்க கவுன்சிலே ஆள் எடுக்குது. மேயர்? சான் ஹோசேல பத்து டிஸ்ட்ரிக்ட் மெம்பர் பிளஸ் மேயர், பதினொரு ஓட்டுல அவருக்கு ஒரு ஓட்டு. கூப்பர்டினோல அஞ்சு பேர்ல ஒருத்தர அவங்களுக்குள்ளயே வருஷத்துக்கு ஒரு தடவை மேயரா மாத்திக்குவாங்க. பொன்னாடை போத்தறதுக்கு சங்க விழாவுக்கு கூப்பிடலாம், குழி மூடறதுக்கு கூப்பிட்டு பிரயோஜனம் இல்ல. (சாண்டா கிளாரால மட்டும் போலீஸ் சீஃபையே ஜனங்க ஓட்டு போட்டு எடுக்கறாங்க, 2024ல அத மாத்தலாமான்னு கேட்டப்போகூட வேணாம்னுட்டாங்க. அது அந்த ஊரோட தனி ராகம்.)

இப்ப முக்கியமான பொறி. இந்த மாதிரி சிட்டிகளோட சார்ட்டர்லயோ (சிட்டியோட அடிப்படை சட்டம்) மத்த சிட்டி சட்டத்துலயோ பொதுவா ஒரு விதி இருக்கும்: கவுன்சில் மெம்பர் யாரும் ஸ்டாஃப கூப்பிட்டு "இத செய், அத செய்யாத"ன்னு நேரா உத்தரவு போடக்கூடாது, எதுன்னாலும் மேனேஜர் வழியாத்தான். சிபாரிசு, கமிஷன் எல்லாம் ஒழியட்டும்னு வெச்ச விதி, நல்ல விதிதான். ஆனா நம்ம பக்கம் என்ன ஆகுதுன்னா, "நான் தலையிட முடியாதுங்க"ன்னு மெம்பர் ஆபீஸ் சொல்றதுக்கு இது ஒரு சாக்கு ஆயிடுது. தலையிடத்தான் கூடாது, விசாரிக்கலாம். அதனால நீங்க கேக்கற விதத்த மாத்தணும். "சரி பண்ணி குடுங்க"ன்னு எழுதாதீங்க. "இந்த டிக்கெட் நம்பர், இந்த தேதி போட்டது, வேலை முடியாமலே க்ளோஸ் ஆயிருக்கு, சிட்டி மேனேஜர் ஆபீஸ்ல ஏன்னு கேட்டு எழுத்துல பதில் வாங்கி குடுங்க"ன்னு எழுதுங்க. அதுக்கு முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது.

ஆனா மொதல்ல ஆப்லயோ வெப்சைட்லயோ டிக்கெட் போட்டு நம்பர் வாங்கணும். நம்பர் இல்லாம யாரும் உங்கள மதிக்க மாட்டாங்க, இது சத்தியம். க்ளோஸ்டுன்னு வந்தா அதே நாள் போய் தேதி தெரியற மாதிரி போட்டோ எடுத்து, திரும்ப புது டிக்கெட், பழைய நம்பர அதுல குறிப்பிட்டு. அதுவும் க்ளோஸ் ஆச்சுன்னா டிபார்ட்மென்ட் டைரக்டருக்கு மெயில், காப்பி சிட்டி மேனேஜர் ஆபீஸுக்கு. மேயருக்கு காப்பி போட்டா மனசுக்கு ஆறுதல், அவ்ளோதான்.

இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி நீங்க எந்த சிட்டில இருக்கீங்கன்னு பாருங்க. சிரிக்காதீங்க. பாதி பேருக்கு இது தப்பா தெரியும். போஸ்டல் அட்ரஸ்ல சான் ஹோசேன்னு போட்டிருக்கும், ஆனா ஆலம் ராக் பக்கம், பர்பேங்க் பக்கம் எல்லாம் எந்த சிட்டிலயும் சேராத கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) துண்டுகள் இருக்கு, அங்க இருந்தா உங்களுக்கு சிட்டி கவுன்சிலே கிடையாது, கவுன்ட்டி சூப்பர்வைசர்தான். ஸ்கூலுக்காக வீடு வாங்கினவங்களுக்கு இன்னொரு குழப்பம்: கூப்பர்டினோ யூனியன் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் சன்னிவேல், மேற்கு சான் ஹோசே வரைக்கும் நீளுது, அதனால பசங்க "கூப்பர்டினோ ஸ்கூல்", வீடு சான் ஹோசே, கம்ப்ளெயின்ட் மட்டும் கூப்பர்டினோ சிட்டி ஹால்ல, ஒரு மணி நேரம் உக்காந்துட்டு திரும்பி வந்தவர எனக்கு தெரியும். ஸ்கூல் விஷயம் சிட்டியே இல்ல, அதுக்கு தனி போர்டு, தனி எலெக்ஷன். சன்னிவேல் வழியா போற எல் கமினோ ரோடு ஸ்டேட்டோடது, ஸ்டேட் ரோடு டிபார்ட்மென்ட்டான கால்ட்ரான்ஸ்கிட்ட போகணும். உங்க கம்யூனிட்டிக்குள்ள இருக்கற ரோடு ஹெச்ஓஏவோடதா (வீட்டுக்காரங்க சங்கம்) இருந்தா சிட்டி எட்டிக்கூட பாக்காது.

கவுன்சில் மீட்டிங் பத்தி. கலிபோர்னியால 1953லேர்ந்து பிரவுன் ஆக்ட்னு ஒரு சட்டம் இருக்கு, ரெகுலர் மீட்டிங்குக்கு 72 மணி நேரம் முன்னாடி அஜெண்டா ஒட்டியே ஆகணும், பொதுமக்களுக்கு பேச நேரம் குடுத்தே ஆகணும். பேர், விலாசம் எழுதினாத்தான் உள்ள விடுவோம்னு சொல்ல முடியாது. ஹெச் ஒன் பி, விசிட்டர் யாரா இருந்தாலும் பேசலாம், இத நிறைய பேர் நம்ப மாட்டேங்கறாங்க, பயப்படறாங்க. ஆனா ஒண்ணு தெரிஞ்சுட்டு போங்க. அஜெண்டால இல்லாத விஷயத்த நீங்க பேசினா அவங்க விவாதிக்கவோ முடிவெடுக்கவோ சட்டப்படி கூடாது. நம்ம ஃப்ரெண்ட் ஒருத்தர் சாயங்காலம் ஆறு மணிக்கு போய் ஒன்பதேகால் வரைக்கும் உக்காந்து, மைக் முன்னாடி நின்னு, பச்சை லைட் மஞ்சளாகி சிவப்பாகறதுக்குள்ள படபடன்னு பேசி முடிச்சா, "நன்றி, அடுத்த ஸ்பீக்கர்". மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சுன்னார். அவமானப்படுத்தல, அதுதான் ரூல். அதனால உங்க விஷயம் அஜெண்டால வர்ற அன்னிக்கு போங்க. அஜெண்டால "கன்சென்ட் காலண்டர்"னு ஒரு பகுதி இருக்கும், அத மொதல்ல படிங்க, ஏன்னா பத்து பதினஞ்சு ஐட்டத்த மொத்தமா ஒரே ஓட்டுல தள்ளிவிட்டுடுவாங்க, உங்க தெரு டெண்டர் அதுக்குள்ள இருந்தா நீங்க கண்ணாடிய தொடச்சு போடறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்.

பணம் வேணும்னா, அதாவது ஸ்பீட் பம்ப், பார்க் லைட் மாதிரி, நேரம்தான் எல்லாம். நிதி வருஷம் ஜூலை 1ல ஆரம்பிக்கும், பட்ஜெட்ட மேனேஜர்தான் எழுதுவாரு. ஜூன்ல பெட்டிஷனோட போய் நிக்கறவங்கதான் அதிகம். சான் ஹோசேல மார்ச்லயே மேயர் பட்ஜெட் மெசேஜ் வந்துடும், மே மாசம் மேனேஜர் பட்ஜெட் வெளியாகிடும், அப்புறம் மாத்தறது மலைய பெயர்க்கற வேலை. ஜனவரி, ஃபிப்ரவரிலயே மெம்பர் ஆபீஸ புடிங்க. கவுன்சில் மெம்பருக்கு நிஜ பலம் இங்கதான் இருக்கு.

விசால இருக்கறவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை, இது விளையாட்டு இல்ல. டிஎம்வில லைசன்ஸ் ஃபார்ம் நிரப்பும்போது ஓட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் பத்தி கேக்கும், சிட்டிசன் இல்லன்னா, கிரீன் கார்டு இருந்தாலும் சரி, "ஆமா"ன்னு டிக் பண்ணிடாதீங்க, கைதவறி பண்ணினதுக்கே பின்னாடி சிட்டிசன்ஷிப் இன்டர்வியூல மாட்டிக்கலாம். இன்னொண்ணு டொனேஷன். கவுன்சிலுக்கு நம்மாளு ஒருத்தர் நிக்கறாருன்னு வீட்ல மீட் அண்ட் கிரீட் வெச்சு, சாப்பாடு போட்டு, வந்தவங்க எல்லாரும் நூறு டாலர் குடுங்கன்னு சுத்தி வருவாங்க. ஹெச் ஒன் பி, எல் ஒன், ஸ்டூடண்ட் விசா, யாரும் அஞ்சு பைசா குடுக்கக்கூடாது. சின்ன சிட்டி எலெக்ஷன்தானேன்னு நினைக்காதீங்க, அதுக்கும் சேத்துத்தான் ஃபெடரல் தடை. கிரீன் கார்டு இருந்தா குடுக்கலாம். கூப்பிடறவங்க இத சொல்ல மாட்டாங்க, இட்லிய சாப்டுட்டு பர்ஸ திறக்காம வந்துடுங்க.

இப்ப அக்கா விஷயத்துக்கு வரேன். சிட்டியால உடம்புக்கோ காருக்கோ அடிபட்டுச்சுன்னா ஆறு மாசத்துக்குள்ள எழுத்துல கிளெய்ம் போடணும். ஃபார்ம் சிட்டி வெப்சைட்ல இருக்கும், பெரும்பாலும் சிட்டி கிளெர்க் பக்கத்துல. மேயர் மெயில், ஆப் டிக்கெட், கவுன்சில்ல பேசினது எதையும் நம்பி உக்காராதீங்க, கிளெய்ம்னு போட்டாத்தான் கிளெய்ம். 45 நாள் அவங்களுக்கு டைம். மறுத்து லெட்டர் வந்தா அந்த தேதிலேர்ந்து ஆறு மாசம், அதுக்குள்ள கோர்ட்டுக்கு போகணும். சிட்டின்னு நினைச்சு கவுன்ட்டி இடத்துக்கு சிட்டில கிளெய்ம் போட்டா அதுவும் செல்லாது, ஓடிட்டு இருக்கற ஆறு மாசம் நிக்காது. ஆறு மாசம் தாண்டினவங்க, சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள, லேட் கிளெய்முக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். தெரியாதுன்னு மட்டும் சொன்னா பெரும்பாலும் போதாது, அதுக்கு ஒரு லாயர பாருங்க. அக்கா இப்ப அந்த படிலதான் நிக்கறாங்க.

சைடுவாக்குன்னா இன்னொரு திருகல் இருக்கு. கலிபோர்னியா சட்டப்படி முன்னாடி இருக்கற சைடுவாக்க சரியா வெச்சுக்க வேண்டியது அந்த வீட்டுக்காரர், சான் ஹோசேல விழுந்து அடிபட்டாக்கூட வீட்டுக்காரர் பொறுப்பாகலாம்னு ஆர்டினன்ஸே (சிட்டி சட்டம்) இருக்கு. சிட்டி வீட்டுக்காரர கை காட்டும், வீட்டுக்காரர் அது சிட்டி மரம்னு கை காட்டுவாரு. ரெண்டு பேருக்கும் எழுதுங்க, அவங்களுக்குள்ள அடிச்சுக்கட்டும். உங்க வீட்டு முன்னாடியும் வேர் தூக்கியிருந்தா இன்னிக்கே போய் பாத்துடுங்க.

கிளெய்ம நேர்ல கொண்டுபோய் குடுக்கறதுன்னா ரெண்டு காப்பி எடுத்துட்டு போங்க, உங்க காப்பில "ரிசீவ்டு" ஸ்டாம்பும் தேதியும் வாங்காம கவுன்ட்டர விட்டு நகராதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி வெப்சைட்ல நேரத்த பாத்துக்கோங்க, சில சிட்டி ஆபீஸ் வெள்ளிக்கிழமை திறக்கறதே இல்ல.