மூடுபனிக் குளிர் படச்சுருளைக் காப்பாற்றாது

குன்னூருக்கு அருகே ஒரு தோட்டத்து வீட்டின் பரணிலிருந்து ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தின் 16 மி.மீ. பிரிண்ட், பழைய படச்சுருள்களை மீட்டுத் தரும் என்னிடம் சென்ற மாதம் வந்தது. பி. ஆர். பந்துலு இயக்கி 1961-இல் வெளிவந்த கருப்பு வெள்ளைப் படம் அது, வ. உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதையும் பின்னர் சிறையில் செக்கிழுத்ததையும், சிவாஜி கணேசனின் முகத்தோடு சேர்த்தே ஒரு தலைமுறை நினைவில் வைத்திருக்கிறது. டப்பாவைத் திறந்தவுடன், சுருளின் பிளாஸ்டிக் சிதைவதைக் காட்டும் வினிகர் நெடி மூக்கில் ஏறியது. ஓரங்களில் வெண்பூஞ்சை, கடைசிச் சுருள் ஒட்டிப்போய் ஒரே கட்டி. கொண்டு வந்தவரோ, இந்த மலையில் நான் கேட்டுக் கேட்டுச் சலித்த அதே வாக்கியத்தைச் சொன்னார்: “நம்ம ஊர்க் குளிருக்கு எதுவும் கெடாதுங்களே!”

கெடும். படச்சுருளுக்கு வேண்டியது உலர்ந்த குளிர்; காப்பகங்கள் ஈரப்பதத்தை 30 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்துவதற்கு இரவும் பகலும் இயந்திரங்களை ஓட்டுகின்றன. நமக்கு வாய்த்திருப்பது மூடுபனிக் குளிர். 20 டிகிரி வெப்பத்தில் 55 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் அறைக் காற்று, இரவில் 12 டிகிரிக்கு இறங்கினால், வெளியிலிருந்து ஒரு துளி நீரும் சேராமலேயே 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். குளிர்ந்த காற்றால் குறைந்த நீராவியையே தாங்க முடியும் என்பதால், குளிர் கூடக் கூட ஈரப்பதச் சதவீதம் ஏறுகிறது என்பதைத்தான் எவ்வளவு சொன்னாலும் யாரும் ஏற்பதில்லை. ஏறத்தாழ 65 சதவீதத்துக்கு மேல் போனால், பிம்பத்தைத் தாங்கி நிற்கும் ஜெலட்டினில் பூஞ்சை வளரும். கூடலூரையும் உதகையையும் தென்மேற்குப் பருவமழை நனைக்கிறது, குன்னூரையும் கோத்தகிரியையும் வடகிழக்குப் பருவமழை நனைக்கிறது. ஆகவே எந்தப் பக்கத்தாரும் தப்பவில்லை. பீரோவில் வைத்த தோல் பெல்ட்டில் பூஞ்சை பிடிப்பதை ஆண்டுதோறும் பார்ப்பவர்கள், படச்சுருளுக்கு மட்டும் விலக்கு இருப்பதாக எப்படி நம்புகிறார்களோ தெரியவில்லை. 1967-இல் உதகையில் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். ஆலைக்குள் காற்றைக் கட்டுப்படுத்த இயந்திரம் இருந்தது. உங்கள் பரணில் இல்லை.

‘யூடியூபில்தான் இருக்கிறதே’ என்பது அடுத்த சமாதானம். எல்லாப் படத்துக்கும் அந்தப் பேறு கிடைக்கவில்லை. கவி காளிதாசனின் கதையைச் சொன்ன 1931-ஆம் ஆண்டு ‘காளிதாஸ்’, தமிழின் முதல் பேசும் படமாகப் போற்றப்படுவது, இன்று ஒரு பிரதிகூட இல்லாமல் போய்விட்டது. டென்மார்க்கின் கார்ல் டிரேயர் ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றி எடுத்து 1928-இல் வெளியான மௌனப் படத்தின் மூல நெகட்டிவ் தீயில் அழிந்தது. 1981-இல் நார்வேயின் ஆஸ்லோ நகர மனநல மருத்துவமனை ஒன்றின் அலமாரியில் அகப்பட்ட பிரதியால்தான் அவர் தொகுத்த வடிவம் மீண்டும் உலகுக்குக் கிடைத்தது.

வினிகர் நெடி அடிக்கும் சுருளை மற்றவற்றோடு அடுக்காதீர்கள். அதன் ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். டப்பாவுக்குள் பாச்சை உருண்டை போடாதீர்கள். கணப்புக்கு மேலுள்ள அலமாரி வேண்டவே வேண்டாம். பூஞ்சையை ஈரத்துணியால் துடைக்கும் வேலையை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள்: பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையும், சிவாஜியின் முகம் துணியோடு வந்துவிடும். ‘ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம்’ என்று பழைய புரொஜெக்டரில் மாட்டினால், சுருங்கிய சுருளின் துளைகள் வரிசையாகக் கிழியும். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 மி.மீ. சுருள் கிடைத்தால் அதை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. அது நைட்ரேட் என்னும், எளிதில் தீப்பிடிக்கும் பழைய வகைச் சுருளாக இருக்கலாம், பற்றிக்கொண்டால் தண்ணீருக்கும் அணையாது.

துருப்பிடித்த டப்பாவை மாற்றி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ஓர் ஈரப்பதமானியை வாங்கி அருகில் மாட்டுங்கள். ஸ்கேன் செய்தாயிற்று என்று மூலச் சுருளை எறிந்துவிடாதீர்கள். புனேயில் 1964-இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். மழைக்கு முன் பரணில் ஏறி ஒவ்வொரு டப்பாவையும் முகர்ந்து பாருங்கள். நெடி இலேசாக இருக்கும்போதே கொண்டு வந்தால் ஸ்கேன் செய்து படத்தை மீட்டுத் தர முடியும். சுருள் நெளிந்து முறுகிய பின் வந்தால், என்னால் எடுத்துத் தர முடிவது சில சட்டகங்கள் மட்டுமே.