ரோபோக்களின் ‘பணி ஏலம்’: ஏலம் என்ற சொல் வந்த வழி

விடியக்காலையில் மும்பையின் மீன்பிடித் துறையான சசூன் டாக் பக்கம் போனால் மீன் கூடைகளைச் சுற்றி ஒரே கூச்சலாக இருக்கும். அங்கே மீன் விற்கும் கோலி (மும்பை மீனவர் சமூகம்) அம்மா ஒருவர் ‘லிலாவ்’ என்று சொன்னது என் காதில் பாதி ‘ஏலம்’ மாதிரியே விழுந்தது. வீட்டுக்கு வந்து தேடினால் இரண்டும் ஒரே இடத்துச் சரக்கு. போர்ச்சுக்கீசிய ‘லெய்லாவ்’தான் மராத்தியில் லிலாவ், இந்தியில் நீலாம், நம்மிடம் ஏலம். போர்ச்சுக்கீசியருக்கு அது அரபியிலிருந்து வந்தது, அங்கே பொருள் ‘அறிவிப்பு’. (ஏலக்காய்க்கும் இதற்கும் உறவில்லை, போடியில் ஏலக்காயையே ஏலம் விட்டாலும்.)

ரோபோக் கூட்டத்துக்கு வேலை பிரித்துக் கொடுப்பதைப் பற்றித் தமிழில் எழுதும்போது எல்லோரும் ‘பணி ஒதுக்கீடு’ என்றே எழுதுகிறோம். மேலே ஒரே கணினி உட்கார்ந்து உத்தரவு போடும் இடத்துக்கு அது சரி. ஆனால் ரோபோக்கள் தங்களுக்குள் பேசி எடுத்துக்கொள்ளும் முறைக்குப் ‘பணி ஏலம்’தான் பொருந்தும் என்பேன். 1980இல் ரீட் ஸ்மித் கணினிகளுக்காக எழுதிய ஒப்பந்த வலை முறையில் முதல் படியே வேலை பற்றிய அறிவிப்பு, அப்புறம் ஏலம் கேட்பது, அப்புறம் யாருக்கு வேலை என்ற முடிவு. அரபிச் சொல்லின் பொருள் சுற்றி வளைத்து வந்து சேர்ந்துவிட்டது பாருங்கள்!

கிடங்கில் ஒரு அலமாரியை நகர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலமாரிக்குத் தான் போக வேண்டிய தூரத்தை ஒவ்வொரு ரோபோவும் சொல்கிறது: ஒன்று 12 மீட்டர் என்கிறது, இன்னொன்று 30, மூன்றாவது 45. குறைவாகக் கேட்டதற்கே வேலை, அதாவது மீன் ஏலத்துக்கு நேர் எதிர், டெண்டர் மாதிரி. தாராவியில் ஏலச்சீட்டு பிடிப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அங்கேயும் யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ, குறைந்த தொகைக்கு ஒத்துக்கொள்கிறாரோ, சீட்டு அவருக்குத்தான்.

சரி, சீட்டை எடுத்தவர் ஊருக்குப் போய் போனை அணைத்துவிட்டால்? 12 மீட்டர் ரோபோவின் சக்கரம் வழியில் சிக்கியது பழுது, அதனால் வேலை நின்றுபோவது செயலிழப்பு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் குழப்பம்தான். ஏலம் விட்டவருக்கு இது எப்படித் தெரியும்? 2002இல் ரோபோ ஆய்வாளர்கள் கெர்க்கியும் மத்தாரிச்சும் விவரித்த முறையில், கொடுத்த வேலையை ஏலம் விட்டவர் அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், எடுத்த ரோபோவிடமிருந்து அதற்குப் பதில் வராவிட்டால் அந்த ரோபோ போய்விட்டது என்று கொண்டு வேலையை மறுபடி ஏலத்துக்கு விடலாம். இதற்குப் புதுச் சொல் தேட வேண்டியதில்லை, செய்தித்தாளில் தினமும் வரும் ‘மறு ஏலம்’ இருக்கிறது. இந்த முறை 30 மீட்டர் ரோபோ கிளம்பும்.

ஏலமே இல்லாமலும் நடக்கும். ரோபோ ஆய்வாளர் லின் பார்க்கரின் 1998ஆம் ஆண்டு முறையில், அடுத்தவன் வேலையை முடிக்காமல் இழுத்தால் இந்த ரோபோவுக்குப் பொறுமை குறைந்துகொண்டே வரும், ஒரு கட்டத்தில் தானே போய் எடுத்துக்கொள்ளும்; தன்னால் முடியவில்லை என்றால் தானே விட்டுக்கொடுக்கவும் செய்யும். அதற்கு நான் எழுதுவது ‘பொறுமையிழப்பு’, ‘விட்டுக்கொடுப்பு’. அங்கே மட்டும் ஏலம் என்ற சொல்லை இழுத்துவராதீர்கள், அங்கே கூவி விற்பவரே கிடையாது.