ரத்து, நீக்கறவு, ஒழிப்பு: மூன்றும் ஒன்றல்ல

‘உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.’ ‘நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.’ செய்திகளில் இந்த இரண்டு வாக்கியங்களும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கின்றன. படிப்பவர் இரண்டிலும் நடந்தது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வார். ஆனால் இரண்டும் வேறு வேறு செயல்கள், விளைவுகளும் வேறு. ஆங்கிலத்தில் முன்னதற்கு, அதாவது செல்லாது என்று தீர்ப்பதற்கு, ஸ்ட்ரைக் டவுன்; பின்னதற்கு, அதாவது இயற்றிய சட்டத்தை நீக்குவதற்கு, ரிப்பீல். அபாலிஷ், ரிவோக், அப்ரோகேட், அன்னல், குவாஷ், கேன்சல் என்று இன்னும் பல வினைகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வேலையோடு நிற்கின்றன. தமிழுக்கு வந்ததும் எல்லாம் ஒரே ‘ரத்து’வில் அடங்கிவிடுகின்றன.

வேர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரத்து அரபுச் சொல். திருப்பியனுப்புதல், மறுத்தல் என்ற பொருளில் பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தது. ரிப்பீல், ரிவோக் இரண்டின் வேர்ப்பொருளும் ‘திரும்ப அழைத்தல்’. அன்னல் என்றால் ஒன்றுமில்லாமல் ஆக்குவது. கேன்சல் என்பது எழுதியதன் மேல் கம்பியழி போலக் குறுக்குக்கோடுகள் போட்டு அடிப்பதைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வேர் சுவையானதுதான், ஆனால் இன்றைய பொருளை வழக்குதான் தீர்மானிக்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் எழுதியதற்காக ஆட்களைக் கைது செய்ய உதவிய பிரிவு அது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அது அரசமைப்புக்கு முரணானது, செல்லாது என்று தீர்ப்பளித்தது. நம் செய்திகளில் ‘66ஏ ரத்து’. அதற்குப் பிறகும் அந்தப் பிரிவின்கீழ் பல மாநிலங்களில் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்தன. 2021-இல் இது உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதிகள் அதிர்ந்துபோனார்கள். அரசின் தலைமை வழக்கறிஞர் சொன்ன விளக்கம் முக்கியமானது: சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு அப்படியே அச்சாகியிருக்கிறது, அது செல்லாது என்பது அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. நீதிமன்றம் ஒரு பிரிவைச் செல்லாது என்று சொன்னாலும் அதன் வரிகளைச் சட்டத்திலிருந்து எடுப்பது நாடாளுமன்றத்தின் வேலை. ‘66ஏ செல்லாது’ என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும், ‘ரத்து’வைவிட நீளமும் இல்லை.

காலக் கணக்கிலும் வேறுபாடு உண்டு. அடிப்படை உரிமைக்கு முரணாக இயற்றிய சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னால், பொதுவாக அது தொடக்கம் முதலே செல்லாதது. ரிப்பீல் அப்படி இல்லை. 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம், 6-ஆவது பிரிவின்படி, நீக்கப்பட்ட சட்டத்தின்கீழ் ஏற்கெனவே பிறந்த உரிமை, பொறுப்பு, தண்டனை, வழக்கு எல்லாம் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை தொடரும். 2024 ஜூலை 1-இல் இந்திய தண்டனைச் சட்டம் போய் புதிய சட்டம் வந்தது. ஆனாலும் ஜூன் மாதம் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டத்தின்படிதான் வழக்கு. பழைய சட்டம் ‘ரத்தாகிவிட்டது’ என்று மட்டும் படித்தவருக்கு இது எப்படிப் புரியும்?

சரி, ரிப்பீலுக்கு என்ன சொல்வது? இங்கேதான் ‘வாபஸ்’ என்றும் ‘திரும்பப் பெறுதல்’ என்றும் ஒரு வழக்கு வேரூன்றிவிட்டது. இதை நான் கடுமையாக மறுக்கிறேன். 2020 செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்கள் நிறைவேறின. 2021 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை நடைமுறைப்படுத்துவதை நிறுத்திவைத்தது. நவம்பர் 19-இல் பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்ததும் ‘வேளாண் சட்டங்கள் வாபஸ்’ என்ற செய்தி பரவியது. வாபஸ் வாங்குவது என்றால் கொடுத்தவர் தானே எடுத்துக்கொள்வது. வேட்புமனுவை வாபஸ் வாங்கலாம். மசோதாவையும் கொண்டுவந்த அமைச்சரே அவையின் அனுமதியோடு திரும்பப் பெறலாம். ஆனால் மசோதா நிறைவேறிச் சட்டமான பிறகு அது அரசின் கையில் இல்லை. அதை நீக்க நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் இயற்ற வேண்டும். அந்தச் சட்டம் நவம்பர் 29 அன்றுதான் இரு அவைகளிலும் நிறைவேறியது. டெல்லி எல்லையில் உட்கார்ந்திருந்த விவசாயிகள் இதைத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள். அறிவிப்பைக் கேட்டதும் அவர்கள் கலைந்துபோகவில்லை, நாடாளுமன்றத்தில் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். அவர்கள் கண்ட வேறுபாட்டை நம் செய்தித் தலைப்பு மறைத்துவிட்டது. ‘திரும்பப் பெறுதல்’ பொருந்தும் இடம் ரிவோக். உரிமம் கொடுத்த அலுவலகமே அதைத் திரும்பப் பெறுகிறது, அங்கே அது கச்சிதமான சொல்.

ரிப்பீலுக்குத் தமிழ்நாட்டின் சட்டத் தமிழில் ‘நீக்கறவு’ என்ற சொல் இருக்கிறது. கேட்கக் கரடுமுரடாக இருக்கிறது என்று இதை ஒதுக்குகிறார்கள். எனக்கு இது பிடித்த சொல். வேறெந்தப் பொருளும் இதோடு ஒட்டிக்கொள்ளாது, அதுதான் ஒரு கலைச்சொல்லுக்கு வேண்டியது. செய்திக்குக் கடினம் என்றால் ‘சட்டம் நீக்கம்’ என்று எழுதலாம், யாருக்கும் புரியும்.

தனித்தமிழ் அன்பர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ரத்து அரபுச் சொல் என்பதற்காக, அது வரும் இடத்திலெல்லாம் ‘நீக்கம்’ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சொல் தமிழாகிறது, குழப்பம் அப்படியே இருக்கிறது. ஜம்மு காஷ்மீருக்குச் சிறப்பு நிலை தந்த, அரசமைப்பின் 370-ஆவது பிரிவை ‘நீக்கினார்கள்’ என்று எழுதுகிறோம். இன்றும் அரசமைப்புப் புத்தகத்தைத் திறந்தால் 370 என்ற எண் அங்கேதான் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் அதன் பழைய உட்பிரிவுகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. ‘செயலிழக்கச் செய்தல்’ என்றே அதைச் சொல்லலாம். ரயில் ரத்து, டிக்கெட் ரத்து, தேர்வு ரத்து என்பவற்றில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நடக்க இருந்தது நடக்காது என்பதைச் சொல்ல அது பழகிய நல்ல சொல்.

அபாலிஷுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை: ஒழிப்பு. தீண்டாமை ஒழிப்பு, ஜமீன் ஒழிப்பு என்று வாயில் ஊறிய சொல். ஒரு வழக்கத்தை, ஓர் அமைப்பை, அது திரும்பத் தலைதூக்காதபடி அடியோடு முடிப்பது அது. அப்படியிருந்தும் 1986-இல் தமிழ்நாட்டுச் சட்ட மேலவை ‘கலைக்கப்பட்டது’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். மேலவையைக் கலைக்க முடியாது என்று அரசமைப்பின் 172-ஆவது பிரிவே சொல்கிறது! கலைப்பது சட்டப்பேரவையை. கலைத்தால் தேர்தல் வரும், புதிய உறுப்பினர்கள் அதே பேரவைக்கு வருவார்கள். மேலவை ஒழிக்கப்பட்டது. அதனால்தான் அதை மீண்டும் கொண்டுவர நினைத்தபோது 2010-இல் நாடாளுமன்றம் புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதன் பிறகும் மேலவை அமையவில்லை.

‘மரண தண்டனை ரத்து’ என்ற தலைப்பு இன்னும் மோசம். ஒரு நாடு மரண தண்டனையையே ஒழித்துவிட்டதா, ஒரு கைதியின் தண்டனை மட்டும் மாறியதா? 2014 பிப்ரவரி 18-இல் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவரின் தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அதையும் ‘தூக்கு ரத்து’ என்றார்கள். விடுதலை என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் என் குறை இதுதான். ஆங்கில மூலத்தில் வினை எதுவென்று பார்க்காமலே கை ‘ரத்து’ என்று எழுதிவிடுகிறது. யார் முடித்தார்கள், எப்போதிலிருந்து, முன்பு நடந்தது நிற்குமா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே சரியான சொல் அகப்பட்டுவிடும்.

கல்யாண விஷயத்தையும் பாருங்கள். டிவோர்ஸுக்கு நாம் ‘விவாகரத்து’ என்கிறோம். ஆனால் அங்கே திருமணம் நடந்தது உண்மை, அது பிறகு முறிந்தது. ‘மணமுறிவு’ பொருத்தமாக இருக்கிறது. அன்னல் வேறு: 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 11, 12-ஆவது பிரிவுகள் அதற்கு, மணமுறிவுக்கு 13-ஆவது பிரிவு. முதல் மனைவி உயிரோடிருக்க, மணமுறிவும் இல்லாமல் செய்த இரண்டாம் திருமணம் சட்டத்தின் பார்வையில் நடக்கவே இல்லை. அதில் பிறந்த குழந்தைகள் பாதிக்கப்படக் கூடாது என்றுதான் 16-ஆவது பிரிவு அவர்களைச் சட்டப்படியான குழந்தைகளாக ஏற்கிறது. இதற்குத் ‘திருமணம் செல்லாது’ என்று எழுத வேண்டும். நிச்சயித்த திருமணம் நடக்காமல் போனதையும் ‘திருமணம் ரத்து’ என்று எழுதுகிறார்கள். அதற்கு ஊரில் எல்லோரும் சொல்வது ‘கல்யாணம் நின்றுபோனது’.