கப்பலில் உறைந்த இறால் அனுப்ப நினைக்கிறீர்களா? பேப்பர் வேலை பண்ணையிலேயே தொடங்குகிறது

இறாலோ கணவாயோ வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் தயங்குவது, "நமக்குச் சொந்தமா பிளான்ட் இல்லையே" என்றுதான். பிளான்ட், அதாவது பதப்படுத்தி உறைய வைக்கும் ஆலை, இல்லாமலும் அனுப்பலாம். கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம், அதாவது எல்லோரும் சொல்கிற எம்பீடா, வணிக ஏற்றுமதியாளர் என்று ஒரு பிரிவில் பதிவு கொடுக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஒரு பிளான்டோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அவர்கள் பதப்படுத்தி உறைய வைத்த சரக்கை உங்கள் பெயரில் அனுப்பலாம். எம்பீடா 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த ஆணையம், தலைமை அலுவலகம் கொச்சியில். இந்தப் பதிவு இல்லாமல் ஒரு கிலோ இறால்கூட ஏற்றுமதியாகப் போகாது.

அதற்கும் முன்னால் ஐ.இ.சி. எண், அதாவது ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான அடையாள எண், வேண்டும். வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தின் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். இப்போது உங்கள் பான் எண்தான் ஐ.இ.சி. எண்ணும். இதைச் செய்து தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் உள்ளே போய் உறுதி செய்ய வேண்டும், செய்யாவிட்டால் எண் முடங்கிவிடும்.

சரி, இதுவரை எளிதான பகுதி. பலரும் தடுமாறுவது இனிமேல்தான். சரக்கை வாங்கி, உறைய வைத்து, பெட்டியில் அடைத்த பிறகு "இனி பேப்பர் பார்ப்போம்" என்று உட்காருகிறார்கள். கடல் உணவில் அது நடக்காது, ஏனென்றால் கேட்கப்படுகிற சான்றுகளில் பாதி, இறால் உயிரோடு குளத்தில் இருக்கும்போதே எடுக்க வேண்டியவை.

வளர்ப்பு இறாலை எடுத்துக்கொள்வோம். முதலில், பண்ணை கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் (2005 சட்டம், அலுவலகம் சென்னையில்) பதிவாகியிருக்க வேண்டும். சரக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு என்றால், அறுவடைக்கு முன்பே குளத்து இறாலின் மாதிரியை எம்பீடா ஆய்வகத்தில் சோதித்து, குளோராம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் போன்ற தடை செய்யப்பட்ட ஆன்டிபயாடிக் எச்சம் இல்லை என்று சான்று வாங்க வேண்டும். அறுவடை முடிந்த பிறகு இந்தச் சான்றை வாங்கவே முடியாது. ஐரோப்பியர்கள் இதில் எவ்வளவு கறார் என்பதற்கு ஒரு கணக்கு: இந்தியப் பண்ணை இறாலில் எல்லையில் சோதிக்கும் சரக்கின் பங்கை 2016-ல் 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார்கள். இரண்டு கண்டெய்னர் போனால் ஒன்றைத் திறந்து பார்ப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எச்சம் தெரிந்தால் சரக்கு திரும்ப வரும், அல்லது அங்கேயே அழிக்கப்படும், அந்தச் செலவு முழுக்க உங்கள் தலையில். அதனால் தீவனம், மருந்து பற்றிப் பண்ணைக்காரர் எழுதி வைக்கிற நோட்டை வாங்கிப் பார்ப்பதைக் கூச்சமாக நினைக்காதீர்கள்.

கடலில் பிடித்த சரக்கு என்றால் வழி வேறு. 2010 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மீன்பிடிச் சான்று கேட்கிறது: எந்தப் படகு, எங்கே, எப்போது பிடித்தது என்ற விவரம். இதையும் எம்பீடாதான் தருகிறது. படகின் பதிவு எண்ணைத் துறைமுகத்தில் வாங்கும்போதே குறித்து வைக்கவில்லை என்றால், பிறகு எந்த வியாபாரியிடம் போய்க் கேட்டாலும் கிடைக்காது. அமெரிக்காவோ, ஆமை தப்பிக்கும் கருவி வலைகளில் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி, நம் கடலில் பிடித்த இறாலை வாங்குவதையே நிறுத்திவிட்டது. அங்கே போவதெல்லாம் பண்ணை இறால்தான்.

அடுத்தது நலச் சான்றிதழ், அதாவது சரக்கு சாப்பிடத் தகுந்தது என்று அரசு தரப்பில் தருகிற சான்று. 1963-ஆம் ஆண்டு ஏற்றுமதித் தரக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அமைந்த ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சிலின் முகமைகள் இதைத் தருகின்றன, நமக்குச் சென்னை முகமை. பிளான்டுக்கு அங்கீகார எண் கொடுப்பதும் இவர்கள்தான். ஐரோப்பாவுக்கு அனுப்பத் தகுதியான பிளான்ட் பட்டியல் தனி, சீனாவுக்கு அவர்களுடைய சுங்கத் துறையிலும் பதிவு வேண்டும், அமெரிக்காவுக்கு அவர்களுடைய உணவு, மருந்து நிர்வாகத்தில் பிளான்ட் பதிவாகியிருக்க வேண்டும். ஆகவே ஒப்பந்தம் போடும் முன் "உங்களுக்கு அப்ரூவல் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்த நாட்டுக்கு என்று கேளுங்கள். ஐரோப்பாவுக்கான சான்றில் சரக்கு கிளம்பும் முன்பே கையெழுத்தாகியிருக்க வேண்டும். கப்பல் போன பிறகு பழைய தேதியில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு வியாபாரமே வேண்டாம்.

இனி குளிர் விஷயம். உறைந்த மீனின் நடுப்பகுதி மைனஸ் 18 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும், வழியில் கொஞ்ச நேரம் 3 டிகிரி வரை ஏறி இறங்கினால் ஐரோப்பிய விதி பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் இல்லை. இங்கேதான் பெரிய தவறான நம்பிக்கை ஒன்று இருக்கிறது: ரீஃபர் கண்டெய்னர், அதாவது குளிர் இயந்திரம் பொருத்திய கண்டெய்னர், சரக்கை உறைய வைக்கும் என்பது. வைக்காது. ஏற்கெனவே உறைந்த சரக்கை அதே குளிரில் வைத்திருக்கும் அளவுக்குத்தான் அந்த இயந்திரத்துக்குச் சக்தி உண்டு. மைனஸ் 10-ல் ஏற்றிவிட்டு, கப்பல் போய்ச் சேர்வதற்குள் மைனஸ் 18 ஆகிவிடும் என்று நம்பினால், மேலே பனி பிடித்து, நடுவில் இளகிய பெட்டிகள்தான் போய்ச் சேரும். ஏற்றும்போது சில பெட்டிகளைத் திறந்து, வெப்பமானியை இறாலுக்குள் குத்திப் பார்த்து, அந்த அளவை எழுதி, போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று கண்டெய்னரின் தரைப் பள்ளங்கள் வழியாக வந்து, சரக்கைச் சுற்றி மேலேறித் திரும்பும். அதனால் உள்ளே போட்டிருக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டி அடுக்கக் கூடாது. கதவு திறந்திருக்கும்போது இயந்திரத்தை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் நம்மூர் ஈரக் காற்று உள்ளே போய் இயந்திரத்தின் குளிர்ச் சுருளில் பனியாகப் படிந்துவிடும். உறைந்த சரக்குக்குக் காற்றுத் துளை மூடியிருக்க வேண்டும். வாழைப்பழம் போன்ற குளிரூட்டிய சரக்குக்குத் திறந்திருக்க வேண்டும், அது மூச்சு விடுகிற பொருள், 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். இரண்டுக்கும் ஒரே கண்டெய்னர்தான், அமைப்பு மட்டும் வேறு, புக்கிங்கில் இதைத் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஐஸில் வைத்த பச்சை மீன் பெரும்பாலும் விமானத்தில்தான் போகிறது, அத்தனை நாள் கடலில் தாங்காது.

பிளான்டிலிருந்து துறைமுகம் வரை ஜெனரேட்டர் பொருத்திய டிரெய்லர் வேண்டும், துறைமுகத்தில் பிளக் பாயிண்ட் வேண்டும். தூத்துக்குடியில் ஏற்றினால் பெரும்பாலும் சிறிய கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். மாறுகிற இடத்தில் மின்சாரம் சில மணி நேரம் விட்டுப்போவதுதான் ஆபத்து. சரக்கோடு ஒரு டேட்டா லாகர் வைத்தால் எந்த நேரத்தில் என்ன வெப்பநிலை என்று பதிவாகும். செங்கடல் வழியில் பிரச்சினை வந்த 2023 இறுதியிலிருந்து பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில், ஐரோப்பியப் பயணம் பத்து நாளுக்கும் மேல் நீண்டதையும் நினைவில் வைத்து வாங்குபவரிடம் தேதி சொல்லுங்கள்.

அப்புறம் உங்களுக்கு வர வேண்டிய பணம். ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. பூஜ்ய வரி. ஒவ்வொரு நிதியாண்டும் உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்தால் வரி கட்டாமலே அனுப்பலாம். வேறு வழியில் திரும்பக் கிடைக்காத வரிகளுக்கு ஈடாக 2021 ஜனவரி 1 முதல் ரோடெப் என்ற திட்டம் இருக்கிறது. சுங்கத்தில் தாக்கல் செய்கிற ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லில் ரோடெப் வேண்டும் என்று குறித்தால்தான் அது கிடைக்கும். கஸ்டம்ஸ் புரோக்கர் அவசரத்தில் விட்டுவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு, ஆகவே தாக்கல் செய்யும் முன் வரைவை வாங்கி நீங்களே ஒருமுறை படியுங்கள். தொகை மின்னணுச் சீட்டாக உங்கள் கணக்கில் வரும். அதை இறக்குமதி வரி கட்டப் பயன்படுத்தலாம், நீங்கள் இறக்குமதி செய்யாதவர் என்றால் செய்பவருக்கு விற்றுக் காசாக்கலாம். முதல் கண்டெய்னர் அனுப்புகிற சின்ன ஆளுக்கு இது சிறு தொகை இல்லை.

கடைசியாகக் காப்பீடு. உறைந்த உணவுக்கான வழக்கமான நிபந்தனைகளில், குளிர் இயந்திரம் தொடர்ந்து 24 மணி நேரமாவது நின்றிருந்தால்தான் பழுதுக்கான இழப்பீடு கிடைக்கும். இருபது மணி நேரம் நின்று சரக்கு இளகினால் கை விரிப்பார்கள். பாலிசி வாங்கும்போதே அந்த வரி எப்படி இருக்கிறது என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அங்கே கண்டெய்னரைத் திறக்கும் அன்றே லாகர் பதிவைப் பிரதியெடுத்து அனுப்பும்படி வாங்குபவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.