நெஸ் ஏரியில் பூதம் உண்டா? சாட்சியங்களை எடைபோடும் முறை

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் உள்ள நெஸ் ஏரியில் பெரிய பிராணி ஒன்றைப் பார்த்ததாக இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகவல்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். மீனவர்கள், பாதிரியார்கள், பேருந்து ஓட்டுநர்கள், சுற்றுலா வந்தவர்கள் எனப் பலரும் தண்ணீரில் உண்மையிலேயே எதையோ பார்த்தார்கள். ஆனாலும் அப்படி ஒரு பிராணி அங்கே இல்லை என்று சொல்ல வலுவான காரணங்கள் இருக்கின்றன. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பதைப் பார்ப்போம்.

எந்தச் சாட்சியத்தை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: பிராணி இருந்தால் இது கிடைத்திருக்கும், சரி, பிராணியே இல்லாவிட்டாலும் இது கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கும் என்றால் அந்தச் சாட்சியம் எந்தப் பக்கமும் சாயாது. அதுபோல ஆயிரம் சேர்ந்தாலும் எடை கூடாது. எதிர்ப்பக்கத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். பிராணி இருந்தால் கட்டாயம் அகப்பட்டிருக்க வேண்டிய ஒரு தடயம், அகப்படும்படியாகத் தேடியும் அகப்படவில்லை என்றால், அந்த வெறுங்கை இல்லை என்பதற்கான சாட்சியம். தேடாமல் கிடைக்காததை அப்படிக் கொள்ள முடியாது.

முதலில் ஏரி. நீளம் சுமார் 37 கி.மீ.; அகலம் பெரும்பாலான இடங்களில் ஒன்றரை கி.மீ.தான், ஆழம் 230 மீட்டர் வரை போகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள எல்லா ஏரிகளின் தண்ணீரையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. சுற்றியுள்ள மலைகளின் கரிமண் கரைந்து இறங்குவதால் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருக்கும். சில மீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாது. அடியில் ஆண்டு முழுவதும் 5, 6 டிகிரி செல்சியஸ் குளிர். பனியுகம் முடியும் வரை, அதாவது ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை, இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிப்பாளத்தின் கீழ் கிடந்தது. எனவே உள்ளே இருக்கும் எந்த உயிரும் அதற்குப் பிறகு வந்து சேர்ந்ததுதான்.

நெஸ்ஸி என்று செல்லமாக அழைக்கப்படும் பூதத்தின் கதை ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழமை என்று அடிக்கடி எழுதுகிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் புனித கொலம்பா ஒரு நீர்விலங்கை விரட்டியதாக அவருடைய வரலாறு சொல்கிறது என்பதே ஆதாரம். ஆனால் அதை எழுதிய அடம்னான் அவருக்கு ஒரு நூற்றாண்டு பிந்தியவர்; அந்தச் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படுவதும் ஏரியில் அல்ல, நெஸ் ஆற்றில். துறவியர் கொடிய விலங்குகளை அடக்கும் காட்சி அந்தக் காலப் புனிதர் வரலாறுகள் பலவற்றில் வரும். இன்றைய பூதம் பிறந்தது 1933-ல். அந்த ஆண்டு மே 2 அன்று இன்வர்னெஸ் கூரியர் பத்திரிகை, ஒரு தம்பதி ஏரியில் தண்ணீர் கொந்தளிக்கத் திமிங்கிலம் போன்ற ஓர் உடல் புரண்டதைப் பார்த்ததாகச் செய்தி போட்டது. வடகரையோரச் சாலை வேலைகள் நடந்து, கார்களில் போகிறவர்கள் நீர்ப்பரப்பை நன்றாகப் பார்க்க வழி பிறந்த காலம் அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மே மாதச் செய்தியில் நீண்ட கழுத்து இல்லை. சில மாதம் கழித்து வந்த இன்னொரு தகவலில்தான் கழுத்து முளைத்தது. தண்ணீரிலிருந்து நீண்ட கழுத்தை நீட்டும் டைனோசர் வரும் ‘கிங் காங்’ படம் அந்த ஆண்டுதான் திரைக்கு வந்திருந்தது. இதனால் அது வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பார்த்ததற்கு மனம் எந்த வடிவம் கொடுக்கும் என்பதை, ஏற்கெனவே மனத்தில் இருக்கும் படம் தீர்மானிக்கிறது. பிபிசி 2003-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. சுற்றுலாப் பயணிகளின் கண்முன்னே ஒரு வேலிக் கம்பத்தைத் தண்ணீரிலிருந்து எழுப்பிவிட்டு, பார்த்ததை வரையச் சொன்னார்கள். பலர் கம்பத்தைக் கம்பமாகவே வரைந்தார்கள். சிலர் தலையோடு கூடிய கழுத்தை வரைந்தார்கள்.

படங்களுக்கு வருவோம். உலகம் முழுக்க அறிந்த அந்தக் கழுத்துப் படம் 1934 ஏப்ரலில் டெய்லி மெயிலில் வந்தது. எடுத்தவர் லண்டன் மருத்துவர் ராபர்ட் கென்னத் வில்சன் என்று சொல்லப்பட்டதால் ‘மருத்துவர் படம்’ என்றே பெயர். இதற்கு ஒரு முன்கதை உண்டு. முந்தைய டிசம்பரில் அதே பத்திரிகை மார்மடியூக் வெதரெல் என்ற வேட்டைக்காரரை ஏரிக்கு அனுப்பியது. அவர் கரையில் பெரிய காலடித் தடங்களைக் கண்டுபிடித்தார். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அவற்றைப் பார்த்துவிட்டு, பாடம் செய்த நீர்யானைக் கால் ஒன்றால் பதித்தவை என்று சொல்லிவிட்டது. அவமானப்பட்ட வெதரெல் பழிதீர்க்க நினைத்தார். அவருடைய வளர்ப்பு மகன் கிறிஸ்டியன் ஸ்பர்லிங் ஒரு பொம்மை நீர்மூழ்கியின் மேல் தலையும் கழுத்தும் செய்து பொருத்தினார். படத்தை நம்பத்தக்க ஒரு மருத்துவர் பெயரில் வெளியிட்டார்கள். ஸ்பர்லிங் தன் கடைசிக் காலத்தில் சொன்ன இந்த உண்மை 1994-ல் வெளியே வந்தது.

அறுபது ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் என் வருத்தம். பத்திரிகையில் வந்தது வெட்டிப் பெரிதாக்கிய பகுதி மட்டுமே. முழுப் படத்தில் அந்தக் ‘கழுத்து’ பரந்த நீரின் நடுவே சின்னதாக நிற்கிறது. சுற்றிலும் இருப்பவை சிற்றலைகள். சிற்றலையின் அளவே அது எவ்வளவு சிறிய பொருள் என்று காட்டிக் கொடுத்துவிடும். அளவு தெரிந்த ஒன்று பக்கத்தில் இல்லாத எந்த நீர்ப்பரப்புப் படமும் எடைபோட லாயக்கற்றது. 1972-ல் ராபர்ட் ரைன்ஸ் குழு நீருக்கடியில் எடுத்த ‘துடுப்பு’ படத்துக்கும் இதே கதிதான். இயற்கையியலாளர் பீட்டர் ஸ்காட்டும் ரைன்ஸும் 1975-ல் நேச்சர் இதழில் அந்தப் பிராணிக்கு அறிவியல் பெயரே சூட்டினார்கள். ஆனால் கணினியில் தெளிவாக்கி, அதன் மேல் கையாலும் திருத்தப்பட்ட படம் அது. மூலத்தில் இருப்பது கலங்கலான நீரும் மங்கலான ஒளித்திட்டும்.

சரி, படங்களை ஒதுக்கிவிடலாம். நேர்மையானவர்கள் நேரில் பார்த்த, நீரில் எழும் திமில் போன்ற மேடுகள்? என்னை மிகவும் ஈர்த்த பகுதி இதுதான், ஏனென்றால் இதற்கு விடை ஏரியின் வடிவத்திலேயே இருக்கிறது.

மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் ஒரு படகு ஏரியின் நடுவே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கிளப்பும் அலைகள் கூட்டமாகச் சேர்ந்து பக்கவாட்டில் நகரும். ஆழமான நீரில் அலைக்கூட்டம் தன் தனி முகடுகளின் வேகத்தில் பாதி வேகத்தில்தான் போகும். ஆகவே அது கரையை நெருங்கக் கால் மணி நேரம் ஆகலாம். அதற்குள் படகு மூன்றரை கி.மீ. தள்ளிப் போயிருக்கும், வளைவுக்கு அப்பால் மறைந்தும் இருக்கும். காற்றில்லாத நாளில் கண்ணாடிபோல் கிடக்கும் நீரில், எந்தக் காரணமும் தெரியாமல், ஏழெட்டுக் கரிய மேடுகள் வரிசையாக நகர்ந்து வருவதைக் கரையில் நிற்பவர் பார்க்கிறார். முகடுகள் கூட்டத்தைவிட வேகமானவை என்பதால் ஒவ்வொன்றும் பின்னால் முளைத்து, நடுவே உயர்ந்து, முன்னால் போய் அமுங்கும். பார்ப்பவருக்கு ஓர் உடல் முன்னேறி முன்னேறி மூழ்குவது போலவே தோன்றும். செங்குத்தான கரைகளில் பட்டுத் திரும்பும் அலைகள் எதிரே வருபவற்றோடு மோதினால், நின்ற இடத்திலேயே திமில்கள் எழுந்து எழுந்து அடங்கும்.

அப்புறம் இன்னொரு விஷயம். மீனும் ஊர்வனவும் நீந்தும்போது உடலைப் பக்கவாட்டில் நெளிப்பவை. மேலும் கீழுமாக வளைவது பாலூட்டிகளின் வழக்கம். வரிசையாக மேலெழும் திமில்கள் ஊர்வனக் கதையோடு ஒட்டவே ஒட்டாது. அலைக்கு அச்சாகப் பொருந்துகிறது.

காற்றுக்கு எதிராக நகரும் பொருள்களைப் பார்த்தவர்களும் உண்டு. கோடையின் பிற்பகுதியில் ஏரியின் மேலடுக்கு வெதுவெதுப்பாகவும் கீழடுக்கு குளிராகவும் பிரிந்துவிடும். பலமான காற்று மேலடுக்கை ஒரு முனையில் கொண்டுபோய்க் குவிக்கும். காற்று தணிந்ததும் அது திரும்பிப் பாயும். இரண்டு அடுக்குக்கும் இடையிலான எல்லை நாள்கணக்கில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டத்தில் அகப்பட்ட ஒரு மரக்கட்டை மெல்லிய காற்றை எதிர்த்தே போகும். இந்த உள்ளலை ஆட்டத்தை நெஸ் ஏரியில் வெப்பநிலை அளந்து கண்டுபிடித்தது 1903-ல், பூதம் பிறப்பதற்கு முப்பது ஆண்டு முன்பு. இன்னொன்று கானல். குளிர்ந்த நீருக்கு மேல் வெப்பக் காற்று படியும்போது ஒளி வளைந்து, நீரில் இருக்கும் சிறிய பொருள் செங்குத்தாக நீண்டு தெரியும். ஏரிப் பூதங்களை இதனோடு இணைத்து வால்டெமார் லேன் 1979-ல் சயன்ஸ் இதழில் கட்டுரையே எழுதினார். ஒரு நீர்ப்பறவை கழுத்து நீண்ட பூதமாவதற்கு அது போதும்.

ஆக, கண்ணால் கண்ட சாட்சியங்கள் பிராணி இல்லாவிட்டாலும் கிடைத்திருக்கும். இனி எதிர்ப்பக்கம்: பிராணி இருந்தால் எதெல்லாம் கிடைத்திருக்க வேண்டும்?

1933-லிருந்து இன்றுவரை ஒரு பிராணியே தொடர்ந்து வாழ்ந்திருக்க முடியாது. இனப்பெருக்கம் செய்யும் ஒரு கூட்டம் வேண்டும்; குறைவாகவே வைத்து, பத்து என்று கொள்வோம். நீண்ட கழுத்துள்ள கடல் ஊர்வனவான பிளீசியோசர்தான் அது என்றால் நுரையீரலால் மூச்சுவிட வேண்டும். தாராளமாக, மணிக்கு ஒருமுறை மேலே வந்தால் போதும் என்று வைத்தாலும், பகலின் 12 மணி நேரத்தில் மட்டும் 120 முறை. தொண்ணூறு ஆண்டில் அது 39 லட்சம் முறையைத் தாண்டும். இவ்வளவு கேமராக்கள் சூழ்ந்த ஏரியில் தெளிவான படம் ஒன்றுகூட இல்லை. உணவுக் கணக்கும் இடிக்கிறது. ஏரி சத்துக் குறைந்தது. மீன்களின் மொத்த எடை, சோனார் என்னும் ஒலிக்கருவியின் மதிப்பீட்டில் ஏறத்தாழ 20 டன். இரையின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே அதைத் தின்னும் விலங்குகள் வாழ முடியும் என்பது சூழலியலில் பொதுவான கணக்கு. அப்படியென்றால் 2 டன். பத்துக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 200 கிலோ. பூதம் என்று சொல்லும் அளவே இல்லை. பிளீசியோசர்கள் புதைபடிவப் பதிவிலிருந்து மறைந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன என்பது தனி.

சோனார் ஒலித்துடிப்பை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவி. குளிர்ந்த நன்னீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,400 மீட்டருக்கு மேல். ஏரியின் அடிவரை போய்த் திரும்ப மூன்றில் ஒரு நொடி போதும். தண்ணீருக்குள் எதிரொலியை மிக வலுவாகத் தருவது காற்று. மீன்கள் தெரிவதே அவற்றின் காற்றுப்பையால்தான். நுரையீரல் நிறையக் காற்றோடு நீந்தும் ஒரு பெரிய ஊர்வன சோனாரில் பளிச்சென்று தெரிய வேண்டும். 1987 அக்டோபரில் ஆய்வாளர் ஏட்ரியன் ஷைன் தலைமையில் இருபதுக்கும் மேற்பட்ட படகுகள் வரிசைகட்டி ஏரியைச் சல்லடை போட்டன. விளக்கம் கிடைக்காத மூன்று எதிரொலிகள் பதிவாயின. திரும்பப் போய்ப் பார்த்தபோது அங்கே எதுவும் இல்லை. நீரடுக்குகளின் எல்லை ஒலியை வளைக்கும், செங்குத்துச் சுவர்கள் அதைத் திருப்பியடிக்கும், படகு விட்டுச்செல்லும் குமிழிகளும் எதிரொலிக்கும் என்பதால் இத்தகைய மிச்சங்கள் எதிர்பார்க்கத்தக்கவையே. 2003-ல் பிபிசி 600 சோனார் கற்றைகளால் ஏரியை அலசியது, எதுவும் இல்லை. 2016-ல் ஒரு தானியங்கி நீர்மூழ்கி அடித்தளத்தை வரைபடமாக்கியபோது ஒரு பூதம் நிஜமாகவே அகப்பட்டது: 1969-ல் ஒரு திரைப்படத்துக்காகச் செய்து, இழுத்துச் செல்லும்போது மூழ்கிப்போன 9 மீட்டர் பொம்மை. அசையாமல் கிடந்த பொம்மையே கண்ணில் படுகிறது என்றால் தேடும் முறை வேலை செய்கிறது என்று அர்த்தம். அதனால்தான் மற்றத் தேடல்களின் வெறுங்கைக்கும் எடை வருகிறது.

கடைசியாக டி.என்.ஏ. நீரில் வாழும் எந்த உயிரும் தோல், செதில், சளி, கழிவு என்று தன் செல்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் கெம்மெல் 2018-ல் ஏரியின் பல இடங்களிலும் ஆழங்களிலும் ஏறத்தாழ 250 நீர் மாதிரிகளை எடுத்தார். வடிகட்டி, உயிரினங்களை வேறுபடுத்தும் மரபணுத் துண்டுகளை மட்டும் பெருக்கி, எழுத்து வரிசையைப் படித்து, அறிந்த உயிரினங்களின் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். பிளீசியோசரின் டி.என்.ஏ. யாரிடமும் இல்லையே, எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயர் தெரியாவிட்டாலும், பல்லி, ஆமை, முதலை இவற்றின் பக்கத்தில் போய் உட்காரும் ஒரு வரிசை கிடைத்திருக்க வேண்டும். 2019 செப்டம்பரில் வந்த முடிவில் ஊர்வன எதுவும் இல்லை. ஸ்டர்ஜன், சுறா, பெரிய கெளுத்தி இவையும் இல்லை. கரையிலிருந்து கழுவி வந்த மான், செம்மறி, மனிதர் எல்லாம் இருந்தன. விலாங்கு மீன் எல்லா இடத்திலும் இருந்தது.

அதிலிருந்து ‘பூதம் ஒரு ராட்சத விலாங்கு’ என்று தலைப்புகள் கிளம்பின. டி.என்.ஏ. அளவு சொல்லாது, ஆயிரம் சின்ன விலாங்கும் ஒரு பெரிய விலாங்கும் அதில் ஒன்றுபோலவே தெரியும். அளவைப் பிடிபட்ட விலாங்குகளிடம்தான் கேட்க வேண்டும். ஃபுளோ ஃபாக்ஸன் என்ற ஆய்வாளர் 2023-ல் அப்படித்தான் செய்தார். ஏரியில் 1 மீட்டர் விலாங்கு அகப்படும் வாய்ப்பு சுமார் 50,000-ல் ஒன்று. 6 மீட்டருக்கான வாய்ப்பு நடைமுறையில் பூச்சியம். தூரத்தில் நெளிந்த சிறிய உருவங்கள் சிலவற்றுக்கு விலாங்கு காரணமாக இருக்கலாம், பூதத்துக்கு இல்லை.

அதனால் யாராவது நேற்று அங்கே ஏதோ பார்த்தேன் என்றால் அவரை மறுக்க வேண்டியதில்லை. காற்று இருந்ததா, அதற்கு முந்தைய அரை மணியில் படகு ஏதாவது போனதா, பக்கத்தில் அளவு தெரிந்த பொருள் ஏதாவது இருந்ததா என்று கேட்டு, விடைகளைத் தேதியோடும் நேரத்தோடும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.