6 மீட்டர் குழாயும் சத்தமில்லாத கிருமியும்

கல்யாணமாகிச் சில வருடங்களாகியும் குழந்தை இல்லையென்றால் கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம் குடும்பங்கள் முதலில் மருமகளைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போகும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பத்துமலை வேண்டுதல் எல்லாம் அவளுக்கே. "நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருப்பா" என்று மகனிடம் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. அப்படிப்பட்ட காரணங்களில் தடுக்கக்கூடிய ஒன்று பால்வினைத் தொற்று.

விரையில் உருவானவுடனே விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது. விரையின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற குழாய்க்குள் போய், பல நாள் மெல்ல நகர்ந்துதான் அந்தத் திறனைப் பெறும். கைவிரல் நீளம்கூட இல்லாத அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும். அதன் உள்வழியோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சின்னத் தழும்பு விழுந்தாலே போதும், பாதை அடைபடும். இரண்டு பக்கமும் அடைபட்டால், விரை ஒழுங்காக வேலை செய்தாலும் விந்துவில் ஓர் அணுகூட இருக்காது. பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

இந்தத் தழும்பை உண்டாக்கும் பால்வினைத் தொற்றுகளில் முக்கியமானவை இரண்டு: கொனோரியா, கிளமிடியா. கொனோரியா வந்தால் பெரும்பாலும் சில நாட்களிலேயே சீழும் எரிச்சலும் காட்டிக்கொடுத்துவிடும். வலி தாங்காமல் ஆள் கிளினிக்குக்குப் போய்விடுவார். கிளமிடியா அப்படியல்ல. நிறைய ஆண்களுக்கு அறிகுறியே இருக்காது. சிறுநீர்க்குழாயின் செல்களுக்குள் புகுந்து பெருகி, சிலருக்கு அங்கிருந்து எபிடிடிமிஸ் வரை ஏறிவிடும். எனக்கு இதுதான் அதிகம் கவலை தரும் கிருமி.

அடைப்பு விழாவிட்டாலும் தொந்தரவு உண்டு. கிருமியை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்கள் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடும். விந்தணுவின் மேலுறை எளிதில் சிதையும் கொழுப்பால் ஆனது. அது கெட்டால் நீச்சல் தளரும், உள்ளேயுள்ள டிஎன்ஏவும் சேதமாகலாம்.

தொற்று வந்த எல்லாருக்கும் இப்படி ஆகிவிடாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆன்டிபயாட்டிக்கில் குணமாகிவிடும். கிளமிடியாவுக்கு வழக்கமாக டாக்ஸிசைக்ளின், 7 நாள். ஆனால் விழுந்த தழும்பை எந்த மாத்திரையும் கரைக்காது. அப்புறம் அறுவை சிகிச்சை, அல்லது விரையிலிருந்தே விந்தணுவை எடுத்துச் செய்யும் செயற்கைக் கருத்தரிப்பு என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

கிளமிடியா பரிசோதனைக்கு முதலில் வரும் சிறுநீர் கொஞ்சம் போதும். நண்பர் வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளாமல் அரசாங்க சுகாதார கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டரைப் பாருங்கள். எங்கே போக வேண்டுமென்று அவரே சொல்லி அனுப்புவார். மனைவிக்கும் கூடவே சிகிச்சை தர வேண்டும், இல்லையென்றால் தொற்று திரும்பிவிடும். அவருடைய கருக்குழாய்களும் இதே கிருமியால் அடைபடக்கூடியவை. மாத்திரை முடிந்த மறுவாரமே விந்துப் பரிசோதனை செய்து மனம் உடைந்துபோக வேண்டாம். புதிய விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய 3 மாதம் பிடிக்கும். அதற்கப்புறம் எடுக்கும் ரிப்போர்ட்தான் நிலைமையைச் சரியாகக் காட்டும்.